வாரிசுச் சான்றில் இல்லாத பெயர்

ஏப்ரல் 3, புதன்

துணை மின்நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் லாக் புத்தகம் எழுதிய கை இது. ஓய்வு பெற்று இரண்டு மாதமாகியும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. வங்கியில் இனாமாகக் கொடுத்த டைரி கிடந்தது, எடுத்துக்கொண்டேன். தேதி, நடந்தது, செய்தது. அவ்வளவுதான் எழுதுவேன். மனசு கினசு எல்லாம் இதில் வராது.

நடந்தது: வீடு முடிவாகிவிட்டது. திண்டுக்கல்லிலேயே, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். இரண்டு படுக்கையறை, பின்னால் கிணறு, மாடிப்படி வெளியே. விற்பவர் பெயர் கோதண்டம், ஜவுளிக்கடையில் வேலை. அவருடைய அப்பா அரங்கசாமி சொந்த சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், இப்போது இவர் பெயருக்குத்தான் எல்லாம். முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் எழுதியாயிற்று. வைகாசி முடிவதற்குள் பதிவு. நாங்கள் பதினெட்டு வருஷமாக இருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கும் கெடுவும் அதே வைகாசிதான். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணமாம். ஆனியிலும் ஆடியிலும் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச முடியாது. ஆகவே தப்பினால் நடுத்தெரு.

செய்தது: ஹாலில் மாலை போட்ட மூன்று படங்கள். அரங்கசாமி, அவர் மனைவி, அப்புறம் தாவணி போட்ட ஒரு பெண். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும். 'மறைவு 11.2.1998' என்று போட்டிருந்தது. தங்கச்சி என்றார் கோதண்டம். அந்தப் படத்துக்கு மேலிருந்த சிவப்பு பல்பு விட்டுவிட்டு எரிந்தது. எனக்குப் பொறுக்காது. ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறி, ஹோல்டரைச் சரிசெய்துவிட்டு இறங்கினேன். இப்போது நன்றாக எரிகிறது.

ஏப்ரல் 8, திங்கள்

வக்கீல் ஸ்டெல்லா அமலோற்பவத்தைப் பார்த்தோம், நானும் ஜெயக்கொடியும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற அம்மா. ஆனால் பேச்சு கத்தி.

"அட்வான்ஸ் எப்ப சார் குடுத்தீங்க?"

"போன வாரம்."

"அட்வான்ஸ் குடுத்துட்டு வக்கீலப் பாக்க வர்றது, தாலி கட்டிட்டு ஜாதகம் பாக்கற மாதிரி சுந்தரவடிவேல் சார்."

பட்டியல் கொடுத்தார். மூலப் பத்திரம், முப்பது வருஷத்து வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட வரைபட அனுமதி, வீட்டு வரி ரசீது, அரங்கசாமியின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. எல்லாமே கோதண்டம் நகல் கொடுத்திருக்கிறார் என்றேன். "நகல் யாரு வேணா குடுப்பாங்க, அசலைக் கண்ணால பாக்கணும்" என்றார். நம்மை என்ன பச்சைக் குழந்தை என்று நினைத்தாரோ.

பத்திரம் யார் பெயரில் என்று கேட்டார். என் பெயரிலும் மனைவி பெயரிலும் என்றேன். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரே பையன், திலீபன், பெங்களூரில் இருக்கிறான் என்றேன். ஜெயக்கொடி தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே போனாள். திரும்பி வரக் கால் மணி நேரமாயிற்று. அந்த ஆபீஸில் தண்ணீர்க்கேன் மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

ஏப்ரல் 12, வெள்ளி

ஜெயக்கொடி வேடசந்தூர் கோயிலுக்குப் போனாள். மாதம் ஒரு வெள்ளி போவாள். டப்பா நிறைய முறுக்கு எடுத்துப் போனாள். எந்தக் கோயிலில் முறுக்குப் படைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை.

கிணற்று மோட்டார் ஒன்றரைக் குதிரைத்திறன் போதும்.

ஏப்ரல் 22, திங்கள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வக்கீலம்மா காகிதங்களைப் பார்த்து முடித்துவிட்டார். எல்லாம் சரியாக இருக்கிறது, ரெண்டு மூணு நாளில் கருத்துரை எழுதித் தருகிறேன் என்றார். நான் சந்தோஷத்தில் பேச்சுக்குச் சொன்னேன், பாவம், கோதண்டத்துக்கு ஒரு தங்கச்சி இருந்து சின்ன வயசிலேயே போய்விட்டது, இப்போது தனிக்கட்டை என்று. அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார்.

"தங்கச்சியா? வாரிசுச் சான்றுல அம்மாவும் மகனும் மட்டுந்தான இருக்கு."

"அதான் இறந்துருச்சேம்மா."

"அப்பாவுக்கு முன்னாடியா, பின்னாடியா? கல்யாணம் ஆச்சா? பிள்ளைங்க உண்டா? அப்பாவுக்கு முன்னாடியே செத்திருந்தாலும் அவங்க பிள்ளைங்களுக்குப் பங்கு உண்டு சார். நாளைக்கு ஒரு பையன் வந்து எங்கம்மா பங்கு எங்கன்னு உங்க வாசல்ல நின்னா என்ன செய்வீங்க?"

வாசல் பேச்செல்லாம் எதற்கு. படம் பார்த்தேன், மாலை பார்த்தேன், தேதி பார்த்தேன் என்றேன். "போட்டோ ஆதாரமில்ல. இறப்புச் சான்று வாங்கிட்டு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 27, சனி

கோதண்டம் இறப்புச் சான்று கொண்டுவரவில்லை. மடித்து மடித்துக் கிழிந்துபோன கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். கனகவல்லி, வயது 22, ஆறாத் துயரில் பெற்றோர், அண்ணன். பதினாறாம் நாள் காரியத்துக்கு எடுத்த போட்டோ ஒன்று. எல்லாரும் தலை ஈரமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

சான்று எங்கே என்றால் தொலைந்துவிட்டது என்கிறார். நகராட்சிப் பதிவேட்டில் தேடினால் கிடைக்குமே, நானும் வருகிறேன் என்றேன். திங்கட்கிழமை போகலாம் என்றார். முகம் சரியில்லை.

ஏப்ரல் 29, திங்கள்

போனை எடுக்கவில்லை. நாலு தடவை.

மே 2, வியாழன்

விடுவேனா. ஜவுளிக்கடை வாசலிலேயே போய் நின்றேன். பக்கத்து டீக்கடைக்கு அழைத்துப் போனார். இரண்டு டீ சொன்னார்.

"சார், உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. அவ எங்களுக்குச் செத்துட்டா."

"உங்களுக்குன்னா?"

"எங்க வீட்டுக்கு. வேற ஆளுகளோட பையன் ஒருத்தன்கூடப் போயிட்டா. அப்பாதான் இனி அவ செத்தவதான்னு சொல்லி எல்லாரையும் தலைமுழுக வச்சாரு. நோட்டீஸ் அடிச்சாரு, காரியம் செஞ்சாரு. போட்டோ மாட்டினதும் அவருதான். இருபத்தாறு வருஷமாச்சு சார். எனக்கே பாதி நேரம் அவ நெசமாவே செத்துட்டாப்புலதான் தோணும்."

"அப்ப உயிரோட இருக்காங்க."

"ஒட்டன்சத்திரத்துல தையக்கடை வச்சிருக்கான்னு கேள்வி."

இதற்கு இந்த ஆளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. டீயில் சர்க்கரை அதிகம்.

லைன் செத்துவிட்டது, கரண்ட் இல்லை என்று போனில் எவன் சொன்னாலும், சோதித்துப் பார்த்து எர்த் போடாமல் ஒருத்தரையும் கம்பியில் கை வைக்க விட்டதில்லை. என் ஷிப்டில் ஒரு உயிர் போனதில்லை. ஆனால் ஒரு சிவப்பு பல்பைப் பார்த்து நம்பிவிட்டேன், அதையும் நானே ஏறிச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

மே 3, வெள்ளி

ஜெயக்கொடி கோயிலுக்குப் போனாள். பழைய பாவாடைத் துணியில் சின்னதாக ஒரு கவுன் தைத்து எடுத்துப் போனாள்.

மே 4, சனி

வக்கீலம்மாவிடம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. இது அவருக்கு மூன்றாவது தடவையாம்.

"தலைமுழுகறது குளிக்கிற சமாச்சாரம் சார். சட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"வீட்டைவிட்டு ஓடிப்போன பொண்ணுக்குமா பங்கு?"

"பொறந்த பொண்ணுக்குப் பங்கு. ஓடினாளா நடந்தாளான்னு சட்டத்துல கேக்க மாட்டாங்க. அரங்கசாமி உயில் எழுதல. அப்ப அந்தம்மாவுக்கு அண்ணனுக்குச் சமமாப் பங்கு இருக்கு. வாரிசுச் சான்றைத் திருத்தி வாங்கி, அவங்களும் விக்கிறவங்களா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நீங்க வாங்கலாம். இல்லன்னா அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுட்டு வேற வீடு பாருங்க."

வேறு வீடு பார்க்க இன்னும் நாற்பது நாள் இருக்கிறது. இந்த வீடு அமையவே எட்டு மாதமாயிற்று.

எழுந்து வரும்போது பொதுவாக ஒன்று கேட்டேன். சொந்த சம்பாத்தியத்தில் வாங்கின வீட்டை, வேண்டாத பிள்ளைக்கு இல்லை என்று உயில் எழுதிவிடலாமா என்று.

"தாராளமா எழுதலாம். ஆனா பேரச் சொல்லி எழுதுங்கன்னுதான் நான் சொல்வேன். இன்ன பேருள்ள என் மகளுக்கு இன்ன காரணத்துனால குடுக்கலன்னு. பேரையே காட்டாம மறைச்சா பின்னால கேஸ் வரும்." கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். "யாருக்கு சார்?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

மே 9, வியாழன்

கோதண்டம் போக மாட்டேன் என்கிறார். "எந்த மூஞ்சிய வச்சிட்டுப் போறது" என்கிறார். வீட்டுக்காரர் வந்து சுவரில் எங்கெங்கே பெயிண்ட் போயிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார். எனக்குத்தான் வீடு வேண்டும். நான்தான் போக வேண்டும்.

மே 14, செவ்வாய்

ஒட்டன்சத்திரம். மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு மெஷின் போட்ட கடை. பள்ளிக்கூடச் சீருடை குவிந்து கிடந்தது. படத்தில் பார்த்த அதே முகம், தலை பாதி நரைத்திருக்கிறது. கணவர் இறந்து மூன்று வருஷமாம். ஒரு மகள் நர்சிங் படிக்கிறாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். தையலை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணன் அனுப்புச்சா?"

"இல்லம்மா. நான் வீடு வாங்கறவன். நானா வந்தேன்."

"அதானே. கையெழுத்துன்னு ஒண்ணு இருக்கப்போய் இருபத்தாறு வருஷம் கழிச்சு ஒரு ஆளாவது வந்தீங்க." ஒரு கால்சட்டையை முடித்து எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தார். "படம் மாட்டி, பல்பு போட்டு, படையல் வைக்கறதெல்லாம் காதுக்கு வந்துச்சு. நான் செத்த தேதின்னு என்ன போட்டிருக்காங்க சார்?"

"பிப்ரவரி பதினொண்ணு."

மெஷின் நின்றது.

"அன்னைக்குத்தான் எனக்குக் கல்யாணம்" என்றார். "பரவால்ல. எங்க வீட்டுக்காரரே அந்தத் தேதிய ரெண்டு மூணு வருஷம் மறந்திருக்காரு. எங்கப்பா வருஷா வருஷம் மறக்காமப் படையல் போட்டிருக்காரு பாருங்க."

எனக்கு உட்கார முடியவில்லை. பங்கு விஷயத்தை வக்கீலம்மா சொல்லச் சொன்னபடி சொன்னேன். பாதிப் பணம் அவர் கணக்கில் நேராக வரும் என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை.

"வேணாம்னு சொல்றதுக்கு நான் தியாகி இல்ல சார். மகளுக்கு ஃபீஸ் கட்டணும். வாங்கிக்கறேன். போட்டோவ மட்டும் யாரும் தொட வேணாம்னு சொல்லிருங்க. நான் வந்து நானே இறக்கிக்கறேன்." பிறகு கேட்டார், "பல்பு எரியுதா இன்னும்?"

எரிகிறது என்றேன். யார் புண்ணியத்தில் எரிகிறது என்று சொல்லவில்லை.

கிளம்பும்போது, "உங்களுக்குப் பொண்ணு இருக்கா சார்?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

மே 17, வெள்ளி

இந்த மாதம் இரண்டாவது தடவை கோயிலுக்குக் கிளம்பினாள். எத்தனை கோயில்தான் போவாய், வீடு மாற வேலை கிடக்கிறது என்றேன். எப்போதும் பேசாமல் போய்விடுவாள். இன்று பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரோ பெத்த பொண்ணப் பாக்க ஒட்டன்சத்திரம் வரைக்கும் போனீங்க. வேடசந்தூர் அதவிடக் கிட்டத்துலதான் இருக்கு."

"கையெழுத்து வேணும், போனேன்."

"ஆமா. பாப்பாகிட்ட உங்களுக்கு ஒரு கையெழுத்தும் தேவைப்படல. அதான் ஒம்பது வருஷமா போகல."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வக்கீலிடம் மறைத்தால் கேஸ் வருகிறது, டைரியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தது பெண். 2015இல் மதியழகன் என்று கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். எங்கள் ஆட்களில்லை. நான் முடியாது என்றேன். பதிவுத் திருமணம் முடித்துவிட்டு, செப்டம்பர் 6, ஞாயிறு, பகல் பதினொன்றரைக்கு இரண்டு பேரும் வாசலில் வந்து நின்றார்கள். கேட்டைத் திறக்கவில்லை. ஒரு மணி நேரம் அந்த வெயிலில் நின்றார்கள். ஜெயக்கொடி மனசு கேளாமல் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். அதை அவள் கையிலிருந்து பிடுங்கி, அவர்கள் பார்க்க என் தலையில் ஊற்றிக்கொண்டேன். தெரு முழுக்கப் பார்த்தது. மறுநாளே ரேஷன் கார்டிலிருந்து பேரை எடுக்க எழுதிக் கொடுத்தேன். அதற்கும் லாக் புத்தகம் மாதிரி நேரம் போட்டு வைத்திருக்கிறேன் மனசுக்குள்.

அரங்கசாமி படம் மாட்டினார். நான் மாட்டவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மே 30, வியாழன்

திருத்திய வாரிசுச் சான்று வந்துவிட்டது. அரங்கசாமியின் வாரிசுகள்: மனைவி, காலமானவர். கோதண்டம், மகன். கனகவல்லி, மகள். மூன்றே வரி. எழுத்துப் பிழை இல்லை.

சாமான் கட்ட அட்டைப்பெட்டி பன்னிரண்டு வாங்கினேன்.

ஜூன் 5, புதன்

பதிவு முடிந்தது.

சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் எண் பதினேழு. கோதண்டம் ஒரு பெஞ்சின் இந்த ஓரம், கனகவல்லி அந்த ஓரம். நடுவில் நானும் ஜெயக்கொடியும். வக்கீலம்மா பத்திரத்தை இருவருக்கும் வாசித்துக் காட்டினார். அண்ணனும் தங்கையும் ஒரே மாதிரி தலையாட்டினார்கள், முகத்தை மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை.

உள்ளே கேமரா முன்னால் உட்கார வைத்தார்கள். சார்பதிவாளர் கோதண்டத்திடம் கேட்டார்.

"இவங்க உங்களுக்கு யாரு?"

கோதண்டம் என்னமோ முனகினார்.

"சத்தமாச் சொல்லுங்க."

"தங்கச்சி."

"கூடப் பொறந்தவங்களா?"

"ஆமா. கூடப் பொறந்தவ." சொல்லிவிட்டுக் கைக்குட்டையைத் தேடினார். கனகவல்லி அசையாமல் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலை மெஷினில் வைத்தபோது ரேகை பதியவில்லை. ஊசி குத்திக் குத்தித் தேய்ந்த விரல். நாலாவது தடவை பதிந்தது.

சாவி வாங்க எல்லாரும் வீட்டுக்குப் போனோம். கனகவல்லி நேராக ஹாலுக்குப் போய், ஸ்டூலில் ஏறித் தன் படத்தை இறக்கினார். மாலையைக் கழற்றி அப்பா படத்தின் ஆணியிலேயே மாட்டினார். முந்தானையால் தூசியைத் துடைத்து, மஞ்சள் பையில் வைத்துக்கொண்டார். கோதண்டம் வாசலில் நின்று, "சாப்பிட்டுப் போலாம்ல" என்றார். "நேரமாச்சுண்ணே" என்றார் அந்த அம்மா. அண்ணே என்ற சொல்லைக் கேட்டு அந்த ஆள் திண்டாடிப்போனார். பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே நடந்து போனார், பத்தடி தள்ளி.

நான் பல்பைக் கழற்றி வைத்தேன்.

ஜூன் 6, வியாழன்

திங்கட்கிழமை பால் காய்ச்சுகிறோம். ஜெயக்கொடியின் போனை எடுத்துத் தேடினேன். 'கோயில்' என்று பதிந்து வைத்திருக்கிறாள். அழைத்தேன்.

"சொல்லும்மா" என்றது குரல். ஒன்பது வருஷம் கழித்துக் கேட்கிறேன்.

"நான்தான்" என்றேன்.

"அம்மாவுக்கு என்னாச்சு?" என்றாள். பதறிவிட்டாள். ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறாள் என்றேன். நான் அழைத்தால் சாவு செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறாள்.

"வீடு வாங்கியிருக்கோம். திங்கக்கெழம பால் காய்ச்சறோம்."

"அம்மா சொன்னாங்க. அந்த வீட்டு அக்கா கையெழுத்துக்கு நீங்க அலைஞ்சதையும் சொன்னாங்க." நிதானமாகத்தான் பேசினாள். "என் கையெழுத்து எதுலயாச்சும் வேணுமா? எங்க போடணும்னு அனுப்புங்க, போட்டு அனுப்பிர்றேன். தம்பிக்குப் பின்னால சிக்கல் வர வேணாம்."

அதற்கில்லை, பால் காய்ச்ச வரச் சொல்லத்தான் அழைத்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே. சொல்லத்தான் போனை எடுத்தேன். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். அதற்குள் அவள் "வச்சிர்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஜூன் 10, திங்கள்

பால் பொங்கியது. திலீபன் வந்திருந்தான். இருபது பேருக்குச் சாப்பாடு. வாசலில் ஆட்டோ நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

பந்தியில் இரண்டு இலை மிஞ்சியது.

ஜூன் 19, புதன்

புது வீட்டு முகவரிக்கு வந்த முதல் தபால். பதிவுத் தபால்.

இருபது ரூபாய் முத்திரைத்தாள். அவள் கையெழுத்து, ஐந்தாம் வகுப்பில் நான் கோடு போட்டுப் பழக்கின எழுத்து. என் தகப்பனார் சுந்தரவடிவேல் வாங்கியுள்ள மேற்படி வீட்டில் எனக்கோ என் கணவருக்கோ என் மகளுக்கோ எவ்வித உரிமையும் வேண்டாம், என் தம்பி திலீபன் முழுமையாக அனுபவித்துக்கொள்ளலாம், பிற்காலத்தில் நானோ என் வாரிசுகளோ உரிமை கோர மாட்டோம். நோட்டரி முத்திரை. கீழே கையெழுத்து. ஒரு குற்றச்சாட்டு இல்லை, ஒரு சுடுசொல் இல்லை. திட்டி எழுதியிருந்தால் தேவலை.

கையெழுத்தில் இனிஷியலை மாற்றவில்லை. கல்யாணமாகி ஒன்பது வருஷம், இன்னும் 'சு' போட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். அதை நான் நாலைந்து தடவை பார்த்தேன். பிறகு பின்கட்டுக்குப் போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன். மனசு கினசு இதில் வராது என்று எழுதியவன் நான்தான்.

ஜூன் 21, வெள்ளி

முத்திரைத்தாளை வக்கீலம்மாவிடம் காட்டினேன். ஒரே பையன் என்று முதல் நாள் சொன்னதை அவர் குத்திக்காட்டவில்லை. இரண்டு தடவை படித்தார்.

"இது செல்லாது சார்."

"நோட்டரி போட்டிருக்காளேம்மா."

"யாரு போட்டாலும் செல்லாது. அப்பா உயிரோட இருக்கறப்ப, அவர் சம்பாத்தியத்துல மகளுக்கு உரிமைன்னு ஒண்ணு இன்னும் பொறக்கவே இல்ல. இல்லாத உரிமைய எப்படி விட்டுக்குடுக்கறது? நீங்க இருக்கற வரைக்கும் இது வெறும் காகிதம்."

"அப்ப இத என்ன செய்யறது?"

"திருப்பிக் குடுத்துருங்க" என்றார். தாளை மடித்து என் பக்கம் நகர்த்தி, "தபால்ல வேணாம்" என்றார்.

கட்டணம் வாங்கவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

வேடசந்தூர் போனேன், ஜெயக்கொடியோடு. பஸ்ஸில் நாற்பது நிமிஷம். ஒன்பது வருஷமாக நாற்பது நிமிஷத் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்.

ஓட்டு வீடு, முன்னால் இரும்பு கேட். ஜெயக்கொடி பழக்கத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளே ஒரு சின்னப் பெண் "அம்மாச்சி" என்று ஓடி வருகிற சத்தம் கேட்டது. நான் வெளியேயே நின்றேன். யாரும் போகச் சொல்லவுமில்லை, வரச் சொல்லவுமில்லை. மணி பதினொன்றே கால்.

கொஞ்ச நேரத்தில் மதியழகன் வந்தான். வந்தார். நெற்றியில் முடி ஏறியிருக்கிறது. முத்திரைத்தாளைக் கொடுத்து, வக்கீல் சொன்னதைச் சொன்னேன். நான் இருக்கும்வரை இது செல்லாதாம், அதனால் திருப்பிக் கொடுக்க வந்தேன் என்றேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே அவள் குரல் கேட்டது, என்ன பேசினாள் என்று கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, மறு கையில் சொம்பு. நாற்காலியை வேப்பமர நிழலில் போட்டார்.

"உக்காருங்க. வெயிலா இருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றைக்கு வெயிலில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சொம்பை இரண்டு கையாலும் வாங்கினேன். ஒரு சொட்டு சிந்தாமல் குடித்தேன்.

"ஒண்ணு கேக்கச் சொன்னா" என்றார்.

"என்ன?"

"நீங்க இருக்கறவரைக்கும் செல்லாதுன்னா, உங்களுக்குப் பின்னால செல்லுமான்னு கேட்டா. செல்லும்னா உங்களையே வச்சிருக்கச் சொன்னா." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கே சொல்லப் பிடிக்கவில்லை.

வக்கீலைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

பன்னிரண்டரை வரை உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் திரை ஒரு தடவை விலகி மூடியது. ஜெயக்கொடி வெளியே வந்து, போகலாமா என்றாள். காலி டப்பாவைக் கழுவிக் கொடுத்திருந்தாள் மகள். நாற்காலியை நானே தூக்கி கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

நடந்தது: வேடசந்தூர் போனேன். என் மகள் எழிலரசி வெளியே வரவில்லை.

செய்தது: வருகிற ஞாயிறும் போவேன்.